குற்றக் கூண்டில் கேட்கப்படும் கேள்விகள்



இந்தச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்தபோது, யாருக்காகப் பேச வேண்டும் என்று கேட்டேன். "நாளைக்குத் தன் வீட்டுப் பையனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனால் என்ன செய்வது என்று தெரியாத ஒருவருக்காக" என்றார்கள். இந்த அரங்கில் இருக்கும் சட்ட மாணவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒருவரை முன்னால் உட்கார வைத்துக்கொண்டுதான் பேசப்போகிறேன்.

மாவட்டக் குற்றவியல் நீதிமன்றங்களிலேயே என் தொழில் கழிந்தது. அங்கே பார்த்ததில் என்னை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. ஒரு வழக்கு ஐந்தாண்டு, எட்டாண்டு என்று இழுக்கிறது. அத்தனை வாய்தாக்களிலும் அரசு வழக்கறிஞர் பேசுகிறார், எதிர்த் தரப்பு வழக்கறிஞர் பேசுகிறார், சாட்சிகள் பேசுகிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் தன் வாயால் பேச வேண்டிய இடங்கள் மூன்றோ நான்கோதான். அந்த இடங்களில் நீதிமன்றமே அவரைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது. பத்தில் எட்டுப் பேர் தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணும் இல்லீங்கய்யா" என்று சொல்லிவிடுகிறார்கள். அரசியல் சட்டம் கொடுத்த உரிமைகளில் பெரும்பகுதி அந்த இடங்களில்தான் பயன்பட வேண்டும். அங்கேதான் அவை கைநழுவியும் போகின்றன.

நீதிமன்றத்துக்குப் போகும் முன், காவல் நிலையத்தைப் பற்றிக் கொஞ்சம். தினமும் பதிவாகும் அடிதடி, ஏசல், பணத் தகராறு வழக்குகளில் பலவற்றுக்கும் தண்டனை ஏழாண்டுக்கு மேல் போகாது. இத்தகைய வழக்கில் கைது செய்தே ஆக வேண்டும் என்றால், அதற்கான காரணத்தைக் காவல் அதிகாரி எழுதி வைக்க வேண்டும். தேவை இல்லை என்றால், விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 41ஏ. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 35(3). இயந்திரம்போலக் கைது செய்வதையும், இயந்திரம்போல ரிமாண்ட் செய்வதையும் 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. நோட்டீஸ் வந்தால் ஊரைவிட்டு ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன். ஓடக் கூடாது. ஒழுங்காக ஆஜராகிறவரைக் கைது செய்வதற்குக் காவல்துறை தனியாகக் காரணம் எழுத வேண்டியிருக்கும். ஓடிப்போகிறவர் அந்தக் காரணத்தைத் தானே எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

நிலையத்தில் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். பெயர், முகவரி சொல்ல வேண்டும். தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் பதிலைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது அரசியல் சட்டத்தின் 20(3). இந்தப் பாதுகாப்பு நீதிமன்றக் கூண்டில் தொடங்குவதில்லை, காவல் நிலைய விசாரணையிலேயே தொடங்கிவிடுகிறது என்று 1978இல் நந்தினி சத்பதி வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். அவர் வழக்கறிஞராக இருந்த காலத்தில், 1948இல், கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று சொல்லிச் சிறையில் அடைக்கப்பட்டவர். லாக்கப்பின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று அறிந்தவர் எழுதிய தீர்ப்பு அது.

போலீசாரிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் சொன்னவருக்கு எதிரான சாட்சியம் ஆகாது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலும் அப்படித்தான், இப்போதைய புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவிலும் அப்படித்தான். ஆனால் அதில் ஒரு கதவு திறந்திருக்கிறது. வாக்குமூலத்தின் பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்கு நேராக வழிவகுத்த வார்த்தைகளை மட்டும் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். அந்த 'மட்டும்' எவ்வளவு என்பதை வரையறுத்தது நம் சென்னை மாகாணத்திலிருந்து, குண்டூர்ப் பக்கத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன புலுகுரி கோட்டையா வழக்கு. "ஈட்டியை வைக்கோல் போரில் ஒளித்து வைத்தேன்" என்பது வரைக்கும் சரி, "அந்த ஈட்டியால்தான் குத்தினேன்" என்பது வராது. இதனால்தான் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறோம். 'அரிவாளை எடுத்துத் தந்தேன்' என்ற மகஜர், நீங்கள் பார்த்தே இராத அரிவாளோடு அந்தத் தாளில் வந்து உட்கார்ந்துகொள்ளும். விசாரணையில் போலீசார் எழுதிக்கொள்ளும் சாதாரண வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது என்பதும் சட்டம்தான்.

இனி நீதிமன்றம் கேட்கும் முதல் கேள்விக்கு வருகிறேன்.

கைதான 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். பல நேரம் அது நீதிமன்றத்தில் நடப்பதில்லை. மாலை ஆறு, ஏழு மணிக்கு நடுவரின் குடியிருப்பு வாசலில் வேன் வந்து நிற்கும். எழுத்தர் கட்டோடு உள்ளே போவார். இரண்டு காவலர்களுக்கு நடுவே, லுங்கியோடோ பெர்முடாவோடோ, செருப்பில்லாமல் அந்தப் பையன் நிற்பான். நடுவர் கேட்பார்: எப்போது கைது செய்தார்கள்? எதற்காக என்று சொன்னார்களா? வீட்டுக்குத் தகவல் போனதா? அடித்தார்களா? வக்கீல் இருக்கிறாரா?

வழியெல்லாம் வேனில் அவனுக்குப் பாடம் நடந்திருக்கும். "அய்யாகிட்ட எதையாவது உளறினே, திரும்பக் கஸ்டடி எடுத்துடுவோம்." அவன் ஒன்றும் இல்லை என்கிறான். ரிமாண்ட் உத்தரவில் 'புகார் ஏதும் இல்லை' என்று ஒரு வரி ஏறுகிறது. மூன்றாண்டு கழித்து விசாரணையில் அவனுடைய வக்கீல், "அடித்துத்தான் கையெழுத்து வாங்கினார்கள்" என்று வாதாடும்போது, அரசு வழக்கறிஞர் எடுத்துக் காட்டுவது அந்த ஒரு வரியைத்தான்.

எனவே அடிபட்டிருந்தால், அந்த இடத்தில் சொல்ல வேண்டும். சட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். எங்கே வலிக்கிறது, எதைக்கொண்டு அடித்தார்கள் என்று சொல்ல வேண்டும். கைதானவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. அந்தச் சான்றில் காயம் குறிக்கப்படாவிட்டால், மறுபடி பரிசோதிக்க உத்தரவிடும்படி நடுவரிடம் கேட்கலாம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் என்ன நடந்தது என்று இந்த அரங்கில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தார்கள் என்று சொல்லிக் கூட்டிச் செல்லப்பட்ட தகப்பனும் மகனும் ரிமாண்ட் செய்யப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போய், அடுத்தடுத்து இறந்துபோனார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக வழக்கை எடுத்துக்கொண்டது. காவல்துறையை நோக்கி எழுந்த கேள்விகளோடு இன்னொரு கேள்வியும் அப்போது எழுந்தது: ரிமாண்ட் செய்த நேரத்தில் அவர்களை அருகில் வைத்துப் பார்த்தவர் யார்? முதல் முறை நடுவர் முன் நேரிலேயே நிறுத்த வேண்டும், காணொலி கூடாது என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 187ஆம் பிரிவும் சொல்கிறது. நேரில் நிறுத்துவது என்பது கண்ணால் பார்த்து, காதால் கேட்பதற்கு. நடுவராகப் போகும் மாணவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். உங்களிடம் நான் கைகூப்பிக் கேட்பது: காவலர்களைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பிறகு அந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

'எதற்காகக் கைது' என்ற கேள்விக்கு அண்மையில் பெரிய பலம் கிடைத்திருக்கிறது. கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 2023இல் பணமோசடித் தடுப்புச் சட்ட வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2025 நவம்பரில் அதை எல்லாக் குற்றங்களுக்கும் விரித்தது. எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். உடனடியாகக் கொடுக்க முடியாத நிலைமை என்றால், ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும். கொடுக்கவில்லை என்றால் கைதும் ரிமாண்டும் செல்லாது. ஆகவே கைதானவரின் வீட்டார் போலீசாரிடம் முதலில் கேட்க வேண்டிய தாள் அதுதான்.

'வக்கீல் இருக்கிறாரா' என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்லித் தலையாட்டிவிட்டு நிற்காதீர்கள். "இல்லை, வேண்டும்" என்று சொல்லுங்கள். காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உண்டு. அதற்கு வருமான வரம்பு கிடையாது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் பாருங்கள். 2012இல் கசாப் வழக்கின் தீர்ப்பில், மும்பைத் தாக்குதல் குற்றவாளியின் மரண தண்டனையை உறுதி செய்த அதே தீர்ப்பில், முதல் முறை நிறுத்தப்படும்போதே வக்கீல் வேண்டுமா என்று கேட்பதும் வைத்துத் தருவதும் நடுவரின் கடமை, தவறினால் துறை நடவடிக்கை என்று உச்ச நீதிமன்றம் எழுதியது. நாட்டையே உலுக்கிய வழக்கில் எழுதப்பட்ட அந்த வரி, சைக்கிள் திருடியதாகப் பிடிக்கப்பட்டவனுக்கும் சேர்த்துத்தான். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு வீட்டிலிருந்தே அழைக்கலாம்.

ரிமாண்ட் ஆனபின் வீட்டார் செய்ய வேண்டியது, காலண்டரில் தேதியைக் குறித்துக்கொள்வது. மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனை உள்ள குற்றங்களில் 90 நாள், மற்றவற்றில் 60 நாள். அதற்குள் காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், வழக்கு எவ்வளவு கொடியதாக இருந்தாலும் பிணை கிடைத்தாக வேண்டும். ஆனால் கேட்க வேண்டும். கேட்காமல் இருந்து, மறுநாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், அந்த உரிமை போய்விடும். 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சென்னை வழக்கு ஒன்று இதற்குச் சாட்சி. போதைப்பொருள் வழக்கு, அங்கே கெடு 180 நாள். கெடு முடிந்த மறுநாள் காலை பத்தரை மணிக்கு வக்கீல் மனுவைப் போட்டுவிட்டார். அன்று மாலை நான்கரை மணி வாக்கில் அரசுத் தரப்பு அவசரமாகக் கூடுதல் புகார்மனுவைத் தாக்கல் செய்தது. உயர் நீதிமன்றம் பிணையை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம், காலையில் கேட்டவரின் உரிமையை மாலையில் வந்த தாள் பறிக்க முடியாது என்று பிணையைத் திருப்பிக் கொடுத்தது.

பிணை கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களின் கதை தனி. இரண்டு ஜாமீன்தாரர், அதில் ஒருவர் இரத்த உறவு, சொத்து வரி ரசீது என்று நிபந்தனை இருக்கும். வாடகை வீட்டில் இருப்பவரின் உறவுக்காரர் யாரிடம் வரி ரசீது இருக்கும்? 1978இல் மோத்திராம் வழக்கில், ஒரு கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டு, அவருடைய சகோதரரை வேறு மாவட்டக்காரர் என்று ஏற்க மறுத்த நடுவரின் உத்தரவைக் கிருஷ்ணய்யர் கடுமையாகக் கண்டித்தார். ஆண்டுகள் போயின. 2022 இறுதிக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பு இன்னும் வராதவர்கள்! பிணை உத்தரவு வந்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழி செய்திருக்கிறது. முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், தன்மீதுள்ள குற்றத்துக்கான உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளேயே கழித்துவிட்டால் பிணை தர வேண்டும் என்கிறது புதிய நடைமுறைச் சட்டத்தின் 479. ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவருக்கும் இது பொருந்தாது.

இரண்டாவது கேள்வி, குற்றச்சாட்டு வனையும் நாளில் வருகிறது. அதற்கு முன்பே உங்களுக்குக் குற்றப்பத்திரிகையும் வாக்குமூலங்களும் ஆவணங்களும் நகலாகக் கிடைத்திருக்க வேண்டும். ஆஜரான 14 நாளுக்குள், கட்டணமில்லாமல். அந்தக் கட்டைப் பிரிக்காமலே வக்கீலிடம் கொடுத்துவிடுகிறவர்கள் அதிகம். வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். சம்பவ இடத்தில் யார் நின்றார், யார் நிற்கவில்லை என்று உங்களுக்குத்தான் தெரியும், வக்கீலுக்குத் தெரியாது.

தெருச் சண்டை ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் பெரும்பாலும் அதற்கு மூன்று பிரிவுகள் சேர்ந்தே வரும். தண்டனைச் சட்டத்தின் பழைய எண்ணில் 294(பி), 323, 506(2). புதிய எண்ணில் 296(பி), 115(2), 351(3). எண்கள் வரிசையாக வந்ததும் பயந்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டிய சங்கதிகள் தனித்தனி. ஏசியது பொது இடத்திலா, வீட்டுக்குள்ளா? அந்த வார்த்தை ஆபாசமானதா, கேட்ட மற்றவருக்கு அதனால் தொல்லை ஏற்பட்டதா? 'ஒழித்துவிடுவேன்' என்றது கோபத்தில் வந்த வாய்ச்சொல்லா, உண்மையில் அச்சுறுத்தும் எண்ணத்தோடு சொன்னதா? முதல் பிரிவுக்குத் தண்டனை மூன்று மாதம், கடைசிப் பிரிவுக்கு ஏழாண்டு வரை. மூன்றையும் ஒரே எடையாகப் பார்க்கக் கூடாது. அடுத்து, மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகலைப் பாருங்கள். அடிபட்டவர் அங்கே போன முதல் மணி நேரத்தில் டாக்டரிடம் என்ன சொன்னார்? 'தெரிந்த இருவர் கையால் அடித்ததாக' என்று அதில் எழுதியிருக்கும். மறுநாள் முதல் தகவல் அறிக்கையில் ஐந்து பேர் கட்டையோடு வந்திருப்பார்கள். அந்த மற்ற மூன்று பேரில் உங்கள் பையன் ஒருவனாக இருந்தால், அவனுடைய வழக்கு அந்த ஒரு வரியில் இருக்கிறது. விசாரணைக்கே ஆதாரம் இல்லை என்று தோன்றினால் விடுவிப்பு மனு போடலாம். புதிய நடைமுறைச் சட்டம் அதற்கு 60 நாள் கெடு வைத்திருக்கிறது.

குற்றச்சாட்டு தமிழில் வாசிக்கப்படும். கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ். புரியவில்லை என்றால், "புரியவில்லை, விளக்கிச் சொல்லுங்கள்" என்று கேட்க உரிமை உண்டு, விளக்கிச் சொல்ல வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. பிறகு கேட்பார்கள்: ஒப்புக்கொள்கிறீரா, வழக்கை நடத்த விரும்புகிறீரா?

இங்கே நான் அதிகம் பேச வேண்டும் என்று நினைத்தது சிறு வழக்குகளைப் பற்றி. குடித்துவிட்டு ரகளை, சீட்டாட்டம், சிறு கைகலப்பு. கோர்ட் வாசலில் யாராவது சொல்வார்கள்: "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போப்பா, எத்தனை வாய்தாவுக்கு வேலையைக் கெடுத்துக்கிட்டு அலையப் போற?" ஒரு நாள் கூலி போகிறதே என்று அந்த இளைஞன் ஒப்புக்கொள்கிறான், அபராதம் கட்டுகிறான், ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகிறான். நான்கு ஆண்டு கழித்துக் காவலர் தேர்வில் உடல் தகுதி, எழுத்துத் தேர்வு எல்லாம் தாண்டி, போலீஸ் சரிபார்ப்பில் நிற்கிறான். அபராதம் மட்டும்தான் என்றாலும் அது தண்டனை, குற்றவாளி என்ற தீர்ப்பு. பாஸ்போர்ட், அரசு வேலை, வெளிநாட்டு விசா என்று ஒவ்வொரு இடத்திலும் அதை எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் கண்ணில் நீரோடு வந்து, "இதை ரத்து பண்ண முடியுமா சார்" என்று கேட்கும்போது சொல்வதற்கு என்னிடம் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. ஆகவே வயதுப் பிள்ளைகள் உள்ள பெற்றோரிடம் வேண்டிக் கேட்கிறேன். ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் பேசுங்கள். நேரம் வேண்டும் என்று நடுவரிடமே கேட்டு, ஒரு வாய்தா வாங்குங்கள்.

சாட்சி விசாரணையைப் பற்றி இங்கே விரிக்கப் போவதில்லை. அது வழக்கறிஞரின் வேலை. ஒன்று மட்டும்: நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது. போதைப்பொருள், பணமோசடி போன்ற சில சட்டங்களில் ஒரு பகுதிச் சுமை எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், தலையில் வருவதுண்டு, அங்கே தேர்ந்த வக்கீல் இல்லாமல் நிற்காதீர்கள். குண்டர் சட்டம் வேறு வகை. 1982ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை, ஓராண்டு வரை காவல் உண்டு. ஐந்து நாளுக்குள் காரணங்களையும் ஆவணங்களையும் கொடுக்க வேண்டும். ஆங்கில ஆவணங்களுக்குத் தமிழாக்கம் தரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக உயர் நீதிமன்றம் பல உத்தரவுகளை ரத்து செய்திருக்கிறது. அரசுக்கு முறையீடு அனுப்பிய தேதியையும், பதில் வந்த தேதியையும் குறித்து வையுங்கள். ஆட்கொணர்வு மனுவில் அந்தத் தேதிகள்தான் பேசும்.

மூன்றாவது கேள்வி, அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்தபின். பழைய நடைமுறைச் சட்டத்தில் 313, புதியதில் 351. நீதிபதி ஒவ்வொரு சாட்சியும் சொன்னதை எடுத்துச் சொல்லி, "இதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்பார். இதில் சத்தியப் பிரமாணம் கிடையாது. பதில் சொல்ல மறுத்தாலோ, தவறாகச் சொன்னாலோ அதற்காகத் தண்டிக்க முடியாது. ஒரு சங்கதியை எதிரியிடம் கேட்காமல் விட்டுவிட்டால், அதை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று 1984இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. அத்தனை மதிப்புள்ள கட்டம் இது. நம் நீதிமன்றங்களில் நடப்பது என்ன? எழுத்தர் வாசிக்கிறார். "பொய்." அடுத்தது. "பொய்." அடுத்தது. "தெரியாது." கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அன்று நான் ஊரிலேயே இல்லை, திருப்பூரில் கம்பெனியில் வேலையில் இருந்தேன் என்று சொல்ல வேண்டியவர் 'பொய்' என்ற ஒற்றைச் சொல்லோடு உட்கார்ந்துவிடுகிறார். வாயால் சொல்லப் பயமாக இருந்தால் எழுத்தில் கொடுக்கலாம். அதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. வருகைப் பதிவேடு, பஸ் டிக்கெட், ஏ.டி.எம். ரசீது என்று எது இருந்தாலும் அதோடு சேர்த்துக் கொடுங்கள். எதிர்த் தரப்புச் சாட்சிகளை அழைக்கவும் உரிமை உண்டு.

சிலருக்கு நான்காவதாக ஒரு கேள்வியும் வரும். குற்றம் நிரூபிக்கப்பட்டது என்று அறிவித்தபின், தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று நீதிபதி கேட்பார். "சின்னப் பிள்ளைகள் இருக்குங்கய்யா" என்று அழுவார்கள். அழுவதோடு நிற்காமல், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, தாயின் மருத்துவச் சீட்டு, வேலை பார்த்த இடத்தின் கடிதம், முன்பு வழக்கே இல்லை என்ற விவரம் ஆகியவற்றை வக்கீலின் கையில் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். குறைந்த தண்டனைக்கும், நன்னடத்தைப் பிணையில் விடுவிப்பதற்கும் நீதிபதிக்கு அவை ஆதாரமாகும். சிறைத் தண்டனை என்றால் தீர்ப்பின் நகலை அன்றே கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும். நடுவரின் தீர்ப்புக்கு எதிராக அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள், அமர்வு நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக உயர் நீதிமன்றத்துக்குப் போக 60 நாள். வக்கீல் வைக்க வழியில்லாதவர் சிறைக் கண்காணிப்பாளரிடம் மனு எழுதிக் கொடுத்தால் போதும், அங்கிருந்தே அது நீதிமன்றத்துக்குப் போகும்.